நோட்டீஸில் இல்லாத பெயர்

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த என் மாமாவுக்கு இடது காது கேட்காது. அவரோடு பேசுகிறவர்கள் வலப்பக்கமாகத்தான் உட்கார வேண்டும். 1970களில் சென்னைத் துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனவர், ராயபுரத்தில் குத்துச்சண்டை பழகி, நான்கைந்து ஆண்டுகள் மேடையேறிவிட்டு ஊர் திரும்பினார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ வெளிவந்தபோது அவரை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தேன். படம் முடிந்ததும் சண்டைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “கன்ட்ராக்டரப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் மாப்ளே” என்றார்.

திடலை வாடகைக்கு எடுப்பது, நோட்டீஸ் அடிப்பது, டிக்கெட் விற்பது, யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்வது எல்லாம் கன்ட்ராக்டர்தான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகளுக்கு ரோஷம் இருந்தது. அந்த ரோஷத்துக்கு விலை வைக்கத் தெரிந்தவர் கன்ட்ராக்டர். அவர்மீது எனக்குக் கோபம் வந்த அளவுக்கு மாமாவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் சண்டைக்கு வரவேண்டிய வெளியூர்க்காரர் வரவில்லை. டிக்கெட் விற்றாயிற்று. மத்தியானம் மாமாவைக் கூப்பிட்டு, நீ ஏறு என்றார்களாம். எதிராளி எட்டுக் கிலோ கூடுதல். மூன்றாவது ரவுண்டில் காது போயிற்று. “அவரு ஏமாத்தல. ரெண்டு மடங்கு காசு கொடுத்தாரு. மாட்டேன்னு சொல்லியிருந்தா அடுத்த நோட்டீஸ்ல என் பேரு இருக்காது.”

மாமாவின் சொந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம். அங்கே சேவற்கட்டில்கூட ஜோடி சேர்க்காமல் விடமாட்டார்கள். பறவையைக் கையில் தூக்கி எடை பார்த்து, பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்து, இரு தரப்பும் சம்மதித்த பிறகுதான் களத்தில் இறக்குவார்கள்.

பெரிய மேடைகளில் இந்த ஜோடி சேர்க்கும் வேலை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங், 2015இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். 2019 இறுதிக்குள் பன்னிரண்டு சண்டைகள், பன்னிரண்டிலும் வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில், சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில், ரஷ்யாவின் லோப்சானிடம் முதன்முறையாகத் தோற்றார். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. புதிதாக வந்தவரைப் படிப்படியாக ஏற்றிவிடுவது ஏற்பாட்டாளர்களின் வழக்கமான வேலை. ஆனால் அந்தப் படிகளும் மனிதர்கள்தாம்; அவர்கள் பெயரை நம்மில் எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

இதற்கு எதிர்முனையும் உண்டு. மேவெதர், பாக்கியாவ் சண்டைக்கான பேச்சு 2009இல் தொடங்கியது. நடந்தது 2015 மே 2இல். பணப் பங்கீடு, ஊக்கமருந்துச் சோதனை, மேவெதருக்கும் அவருடைய பழைய ஏற்பாட்டாளர் பாப் ஆரமுக்கும் இருந்த பகை என்று ஆண்டுகள் ஓடின. மேடையேறும்போது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. அமெரிக்காவில் 46 லட்சம் பேர் பணம் கட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது.

ஒரு சண்டையில் தான் எவ்வளவு ஈட்டுகிறோம் என்பதை ஏற்பாட்டாளர் வீரனிடம் சொல்லியாக வேண்டும் என்று 2000இல் அமெரிக்காவில் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. அதை மாமாவிடம் விளக்கினேன். “தெரிஞ்சிருந்தா மட்டும் ஏறாம இருந்திருப்பேனா?” என்று சிரித்தார்.

பிறகு எழுந்து போய், பூட்டுச் சாமான்கள் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தச் சண்டையின் நோட்டீஸ். ஓரங்கள் பொடிந்திருந்தன. அவர் பெயரைத் தேடினேன், காணவில்லை. வராமல் போனவரின் பெயரைத்தான் விரல் வைத்துக் காட்டினார். வெளியூர் ஆள் என்பதால் முகம் யாருக்கும் தெரியாதாம். மைக்கிலும் அந்தப் பெயரையே சொல்லி அவரை மேடையேற்றினார்களாம்.