தொட்டால் போதும்

பசை என்ற சொல்லுக்கு நாங்கள் அறிந்திருந்த பொருள் ஒன்றுதான்: இரண்டு பொருள்களுக்கு நடுவே கிடந்து அவற்றைப் பிரியவிடாமல் வைத்திருக்கும் மூன்றாவது பொருள். கடித உறையிலும் கிழிந்த புத்தகத்திலும் அது அப்படித்தான் இருந்தது. ஒட்டிவிட்டுத் தான் நடுவே தங்காமல் போய்விடும் பசையொன்று உண்டென்பதை 2024ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், இலண்டன் புறநகரில் அப்பாவின் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் என்றால் அண்ணனும் தம்பியும்.

அப்பா 1974இல் இந்நகருக்கு வந்தவர். அந்நாள்களில் வூல்வொர்த்ஸ் கடைகளில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் விமானப் பொதிகள் விற்பனைக்கு இருக்கும். அந்நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயர் மாதிரியை 1953இலேயே வெளியிட்டிருந்தது. அப்பா பொதியை எடுத்துப் பார்ப்பாராம், திரும்ப வைத்துவிடுவாராம். ஊருக்கு அனுப்பவேண்டிய காசு அது. பின்னர் எங்களைக் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச்சென்று, ஸ்பிட்ஃபயரின் சிறகருகே நெடுநேரம் நின்றுகொண்டிருப்பார். நாங்கள் கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருப்போம். வூல்வொர்த்ஸின் கடைசிக் கடைகளும் 2009 ஜனவரியில் மூடப்பட்டன. அப்பா அந்தப் பொதியை வாங்கவேயில்லை.

எனவே அவருடைய 72ஆவது பிறந்தநாளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். 72இல் ஒரு பங்கு அளவு. அந்த எண்பொருத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 15.6 சென்ரிமீற்றர்தான், கைக்குள் அடங்கும் விமானம்.

கையில்தான் சிக்கல். அவருக்குப் பார்க்கின்சன் நோய் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் நாங்கள் கொண்டுவந்தது குழாயிலிருந்து பிதுக்கும் தடித்த பசை. அதைப் பூசி, இரு பாதிகளையும் சேர்த்து, அசையாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் விரல்கள் ஆடத் தொடங்கும், பாதிகள் வழுக்கும், பசை நூல்நூலாக இழுபட்டுச் சிறகில் படியும். இரண்டாம் நாள் மாலை பெட்டியை மூடி வைத்துவிட்டார். ஏனென்று கேட்டதற்கு, "கண் வடிவாத் தெரியேல்லை" என்றார். கண்ணில் குறையில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவ்வாண்டில் அவர் அப்படி மூடிவைத்தவை பல: கையெழுத்து, தேநீர்க் கோப்பை, கார்ச் சாவி. இன்னுமொன்றை நாங்களே வாங்கிவந்து சேர்த்துவிட்டோமே என்று வருந்தினோம்.

அந்நோயின் நடுக்கத்துக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. கை சும்மா இருக்கும்போதுதான் அது பெரும்பாலும் தலைகாட்டும். ஒன்றை நோக்கிக் கை நகரும்போது அடங்கும். ஓரிடத்தில் நிலையாக நிறுத்தினாலோ, சில நொடிகளில் மீண்டும் எழும். அதாவது, அப்பாவால் தொட முடியும், பிடித்திருக்கத்தான் முடியாது. இதை யோசித்தபோதுதான் எங்களுக்கு விரைவில் உலரும் கரைப்பான் பசையின் நினைவு வந்தது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம் அதனை 40 மில்லிலீற்றர்க் கண்ணாடிப் போத்தலில் விற்கிறது. இளம்பச்சை மூடி, மூடியிலேயே மெல்லிய தூரிகை. திரவம் தண்ணீரைப்போல் தெளிவானது.

இந்த மாதிரிகள் பொலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கரைப்பான் பட்டதும் அதன் மேற்பரப்பு இளகி, அதிலுள்ள நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் தளர்கின்றன. இரு பாதிகளின் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிவிட, எஞ்சுவது பிளாஸ்டிக் மட்டுமே. உண்மையில் இது ஒட்டு அல்ல, பற்றவைப்பு. பூசவும் வேண்டியதில்லை. பாதிகளை முதலில் சேர்த்துவிட்டு, இடைவெளியின் ஏதேனும் ஓரிடத்தைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும். நுண்துளையேற்றத்தால் திரவம் பொருத்துவரி நெடுகத் தானாகவே ஓடிவிடும். சில நொடிகளில் பிடிப்பு ஏற்பட்டுவிடுகிறது. முழு இறுக்கத்துக்குத்தான் மணிக்கணக்காகும்.

ஆகவே பிடிப்பது எங்கள் வேலையாயிற்று, தொடுவது அவர் வேலையாயிற்று. ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாதென்று யன்னலைத் திறந்து வைத்தோம். கம்பளித் தொப்பியுடன் அப்பா கதிரையில் அமர்ந்திருப்பார். தூரிகை நடுங்கியபடி போத்தலிலிருந்து எழும், பொருத்துவரியை நோக்கி வரவர அமைதியடையும், ஒரு தொடுகை. கண்ணுக்குமுன் ஈரக்கோடொன்று மின்னிக்கொண்டு ஓடும். "போட்டுது!" என்பார். பெட்டியை மூடி வைத்தவரின் குரல் அல்ல அது.

மூன்றாம் மாலை அவர் தாமே பிடிக்கவும் விரும்பினார். நாங்கள் தடுக்கவில்லை. திரவம் பொருத்துவரியோடு ஓடி, அவருடைய பெருவிரலுக்கடியிலும் புகுந்துவிட்டது. விரலை எடுத்தபோது, இடச்சிறகின்மேல் அவருடைய ரேகை சுழிசுழியாகப் பதிந்திருந்தது. தொடக்கக்காரர் எல்லோருக்கும் நேர்வதுதான். ஆனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. ஏனென்று சொல்லிக்கொள்ளவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "உதைத் தேய்ச்சு விடுங்கோ. ஸ்பிட்ஃபயரின்ரை செட்டையிலை ஆற்றை கைரேகை?" என்றார்.

நாங்கள் தயங்கினோம். அவர் மணல்தாளை எங்கள் பக்கம் தள்ளினார். நினைவுச்சின்னம் தேடியவர்கள் நாங்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரு விமானம். ஓரிரவு இறுகவிட்டு, மறுநாள் நீரில் நனைத்த தாளால் தேய்த்தோம். ரேகை போயிற்று. மனம் சிறிது கனத்ததை மறைப்பதற்கில்லை. ஆனால் அது அவருடைய விமானம்.

விமானியறையின் கண்ணாடி மூடிக்கு இந்தப் பசை ஆகாது. தெளிந்த பிளாஸ்டிக்கில் பட்டால் தழும்பாகிவிடக்கூடும். அதற்கு வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினோம். பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். அப்பா நான்கு தடவை வைத்தார். நான்காவது சரியாக அமைந்தது.

விமானம் இப்போது அவருடைய அலமாரியில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்து, பொருத்துவரி இருந்த இடத்தை விரலால் தடவித் தேடுவார், அகப்படுவதில்லை. அடுத்ததாக ஹரிக்கேன் வாங்கச் சொல்லியிருக்கிறார். போத்தலில் பாதிப் பசை மீதமிருக்கிறது. நாங்கள் போகும்போதெல்லாம் அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். திறந்து கிடந்தால் எல்லாம் காற்றோடு போய்விடுமாம்.