பந்தில்லாத ஓட்டம்

கோல் அடித்தவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். அவருக்கு வழி விட ஓடியவர் பெயர் வராது. ஹாக்கியில் ஃபார்வர்டு ஆடுகிறவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வேலைதான்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது கோவில்பட்டி. 1986 வரை எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டி நடக்கும்போது, கேலரியில் இருக்கும் பெரியவர்கள் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு பையன் ஸ்டிக்கைத் தரையோடு தாழ்த்தி, பாஸ் கேட்டுக் கத்திக்கொண்டே வலது ஓரத்துக்குப் பாய்வான். எதிரணித் தடுப்பாட்டக்காரர் அவன் பின்னாலேயே போவார். நடுவில் திறந்த இடத்தில் இன்னொருவன் புகுந்துவிடுவான். பந்தே வராமல் திரும்பி வரும் முதல் பையனுக்குத்தான் அவர்கள் கைதட்டுவார்கள்.

அந்த ஊரில் பயிற்சி பெற்ற அரியலூர்க்காரர் எஸ்.கார்த்தி, 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஃபார்வர்டாக இறங்கினார். நடுக்களத்தில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல். பாகிஸ்தானுடன் முதல் ஆட்டத்தின் 9ஆவது நிமிடத்திலேயே கார்த்தி கோல் போட்டார். 59ஆவது நிமிடத்தில் பாகிஸ்தான் சமன் செய்தது. அடுத்து ஜப்பானிடம் தோற்றதால், அடுத்த சுற்றுக்குப் போக இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்திலாவது வென்றாக வேண்டிய நெருக்கடி. 16-0 என்று வென்றார்கள். கடைசியில் வெண்கலமும் வாங்கினார்கள். 2023 ஆகஸ்டில் சென்னையில் மலேசியாவை 5-0 என வென்றபோதும் முதல் கோல் கார்த்தியுடையது.

ஆட்டம் 60 நிமிடம். ஃபார்வர்டு சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுவார், வெளியே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி இறங்குவார். கோல் போட வேண்டுமென்றால் கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வளைவுக்குள் பந்தைத் தொட வேண்டும். அது எல்லா நாளும் வாய்ப்பதில்லை.

புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஃபார்வர்டு தன்ராஜ் பிள்ளை 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் ஆடினார். ஒரு பதக்கமும் இல்லை. ஆனாலும் அவர் பந்தோடு கிளம்பினால் மைதானமே எழுந்து நின்றது.

நம் பள்ளி அணிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்கோர் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, பந்து வராத நேரத்தில் எந்தப் பையன் ஓடுகிறான் என்று பாருங்கள். இந்தியாவுக்கு ஆடப்போகிறவன் அவனாக இருக்கலாம்.