மூக்குக்கு ஒரு பரீட்சை

2021 மே மாதம் கொரோனா வந்துபோனதில் என் மூக்கு அவுட். காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. வாசனை திரும்பவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் தெரிந்தது. ஃபில்டர் காபி வெறும் சூடான கசப்பு. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு போன்ற ஐந்தாறு சுவைகள்தான், மற்றதெல்லாம் மூக்கின் உபயம் என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர், எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் நான்கையும் தினம் இரண்டு வேளை முகரச் சொன்னார். ஒரு வருஷத்தில் கிராம்பு வந்தது, காபி வந்தது. பழங்கள் மட்டும் வரவில்லை. மாம்பழம் வெறும் சர்க்கரையாக இருந்தது.

2023-ல் கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் நாபா பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனாள்.

'அப்பா, ஷார்டனேன்னு வெள்ளை ஒயின். சும்மா மோந்து பாருங்க. வாயில வெச்சாலும் துப்பிடலாம்.'

என் மனைவி பார்த்த பார்வையை அச்சில் கொண்டுவர முடியாது. ஆனால் துப்புவதற்கென்றே அங்கே ஒரு குடுவை வைத்திருக்கிறார்கள். நிபுணர்களே துப்புகிறார்கள்.

ஊற்றிக்கொடுத்த பெண்மணி ஒப்பித்தார்: அன்னாசி, மாம்பழம், எலுமிச்சை, வெண்ணெய், கொஞ்சம் வனிலா. 'இத்தனையும் போடறீங்களா?' என்றேன். சிரித்தார். திராட்சை மட்டும்தானாம்.

சுத்த ரீல் என்று நினைத்தேன். ரீல் இல்லை, கெமிஸ்ட்ரி. ஷார்டனே திராட்சைக்குச் சொந்தக் குணம் குறைவு. வளரும் ஊரையும் வளர்க்கும் ஆளையும் பொறுத்து மாறும். பிரான்ஸில் ஷாப்ளி போன்ற குளிர்ப் பிரதேசத்தில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள். நல்ல வெயிலில் பழுத்தால் அன்னாசி, மாம்பழம். வெண்ணெய் வருவது பாக்டீரியாவால். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக அது மாற்றும்போது டைஅசிட்டைல் என்றொரு பொருள் உண்டாகிறது. நிஜ வெண்ணெயின் வாசனையும் அதுவே. நம் வீட்டு உறைமோரின் தூரத்துச் சொந்தம். வனிலா, ஓக் பீப்பாயின் தானம்.

கோப்பையை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. 'ரொம்ப ஜில்லுனு இருக்கு. கையில வெச்சுக்கிட்டு சூடு பண்ணுங்க' என்றாள் மகள். சில்லிப்பில் வாசனை வெளியே வராது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி முகர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் மிளகாய்ப்பொடி தூவி விற்பார்களே, அந்த அன்னாசித் துண்டு! பின்னாலேயே எலுமிச்சை.

உடனே சந்தேகம். வந்தது வாசனையா, அந்த அம்மாள் சொன்ன வார்த்தையா? 2001-ல் வெளியான ஓர் ஆய்வு ஞாபகம் வந்தது. பிரான்ஸின் போர்டோவில் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கான வர்ணனைகளையே சொன்னார்களாம். மூக்கு, கண்ணையும் காதையும் சுலபமாக நம்பிவிடும்.

அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். பீப்பாயில் வைத்தது ஒன்று, ஸ்டீல் தொட்டியில் வைத்தது ஒன்று. மகள் மாற்றி மாற்றி நீட்ட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. முதல் கோப்பை: அன்னாசி, வெண்ணெய். 'பீப்பாய்.' அடுத்தது வெறும் எலுமிச்சை. 'ஸ்டீல்.' மறுபடி ஸ்டீல். மறுபடி பீப்பாய்.

நாலுக்கு நாலு.

கண்ணைத் திறந்தபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடினாள். மனைவி கர்ச்சீஃப் கொடுத்தாள், அவளுக்கல்ல, எனக்கு.

'பழ வாசனைக்கு இவ்வளவு தூரம் வரணுமா? ஊர்ல அன்னாசி கிலோ என்ன விலை?' என்றாள் மனைவி.

கேட்க வேண்டிய கேள்விதான். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஓர் அன்னாசி வாங்கி, அறுப்பதற்கு முன்னால் ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டிருந்தேன்.