கவிழ்த்துப் பார்க்கும் கண்ணாடி

பழைய அலங்காரக் கண்ணாடியைக் கையில் எடுக்கும் வியாபாரி முதல் காரியமாக அதைக் கவிழ்க்கிறார். நிறமும் வளைவும் மேலே இருந்தாலும், செய்தவர் யார் என்பதற்கான தடயம் அடியில்தான் கிடைக்கும். இத்தாலியின் முரானோ தீவில் செய்தவை இந்தச் சோதனையில் வாங்குபவரைப் பாடாய்ப் படுத்துகின்றன. பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது. பட்டறையின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருந்திருக்கும். நாலு முறை கழுவியதில் அது போயிருக்கும். ஆகவே பெயரைத் தேடுவதற்கு முன் வேலையைப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு உலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும்.

வெனிஸ் நகரின் வடகரையில் உள்ள ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து முரானோவுக்குப் படகில் பத்து நிமிடம். 1291-இல் வெனிஸ் குடியரசு, தீ விபத்துக்கு அஞ்சி, நகரின் கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்கு மாற்ற உத்தரவிட்டது. தொழில் ரகசியமும் கூடவே தீவுக்குள் அடைபட்டது அரசுக்கு வசதியாகப் போயிற்று. கால்வாயோரத் தெரு ஒன்றின் பெயர் இன்றும் ஃபொந்தமெந்தா தேய் வெத்ராய், அதாவது கண்ணாடிக்காரர் கரை. ரகசியம் கடல் தாண்டாமல் காவல் போட்டார்கள். ஓர் உலையிலிருந்து அடுத்த உலைக்குப் போவதற்கு யார் காவல் போட முடியும்? தகப்பன் ஒரு பட்டறையில், மகன் எதிர்க்கரைப் பட்டறையில் என்று வாழ்ந்த ஊர் அது. கைப்பழக்கமும் நிறக் கலவையும் ஆளோடு சேர்ந்தே இடம் மாறின. அடையாளம் காண்பதில் உள்ள சிக்கலின் வேர் இதுதான்.

நான் போய் நின்ற பட்டறையில் ஓர் உலையைச் சுற்றி நான்கு பேர் வேலை செய்தார்கள். தலைவர் மாயெஸ்த்ரோ. போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த மேஸ்திரியும் இதே லத்தீன் வேரில் முளைத்த சொல்தான். அதிகாரமும் ஏறக்குறைய அதே. அவருக்கு அடுத்தவர் செர்வெந்தே. எடுபிடிப் பையன் கர்சோனே. மாயெஸ்த்ரோ உட்காரும் பெஞ்சின் இருபுறமும் இரும்புக் கைகள் நீண்டிருக்கின்றன. ஊதுகுழலை அவற்றின் மேல் கிடத்தி இடது கையால் உருட்டிக்கொண்டே இருக்கிறார். ஒரு கணம் நிறுத்தினாலும் குழம்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். முரானோக் கண்ணாடி சோடா சேர்ந்தது. இளக்கம் சீக்கிரம் அடங்காது. கிள்ளவும் இழுக்கவும் முறுக்கவும் அதனால்தான் நேரம் கிடைக்கிறது. இதழ்களும் கைப்பிடிகளும் நிறைந்த முரானோ பாணியை ஒருவகையில் அந்தக் குழம்பே தீர்மானித்தது எனலாம்.

குமிழ் வடிவத்துக்கு வந்ததும் செர்வெந்தே பொந்தெல்லோ என்ற இரும்புக் கம்பியின் நுனியில் சிறு கண்ணாடிப் பொட்டு எடுத்து வந்து குமிழின் அடியில் ஒட்டுகிறார். மாயெஸ்த்ரோ கழுத்தருகே இடுக்கியின் குளிர்ந்த முனையால் தொட்டு, குழலை லேசாகத் தட்டுகிறார். குமிழ் குழலை விட்டு நீங்கிக் கம்பிக்கு மாறுகிறது. இனி வாயை விரிக்கலாம். எல்லாம் முடிந்ததும் கம்பியையும் ஒரு தட்டு. பாத்திரம் ஆறவைக்கும் உலைக்குப் போகிறது. சுமார் 500 டிகிரியிலிருந்து மெல்ல மெல்லச் சூடு இறங்க வேண்டும், இல்லையென்றால் விரிசல்தான்.

வியாபாரி கவிழ்த்துத் தேடுவது அந்தக் கம்பி விட்ட வடுவை. சிலர் அதைச் சொரசொரப்பாகவே விடுவார்கள், சிலர் தேய்த்து மெருகிடுவார்கள். அச்சில் அழுத்திச் செய்ததில் பெரும்பாலும் வடு இருக்காது, பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். ஆனால் வடு இருப்பதாலேயே அது முரானோ ஆகிவிடாது. ஊதிச் செய்யும் எல்லா நாட்டுக் கண்ணாடியிலும் அது உண்டு.

வடுவைவிடப் பழமையைச் சொல்வது தேய்மானம். பல்லாண்டு மேசைமேல் நின்ற பூச்சாடி அடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், நுண்கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தரை தொடாத குழிவிலும் இருக்கும். கையெழுத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். தேய்மானக் கீறல் எழுத்தின் மேலாக ஓடினால் எழுத்து முந்தியது. எழுத்து கீறல்களை வெட்டிக்கொண்டு போனால், விலையேற்றத் தெரிந்த யாரோ பின்னால் பொறித்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்சு இதற்குப் போதும்.

வெனினி நிறுவனத்தின் ஃபத்சொலெத்தோ இதற்கு நல்ல பாடம். கைக்குட்டை என்று பொருள்படும் இந்தச் சாடியை 1940-களின் இறுதியில் ஃபுல்வியோ பியான்கோனியும் பாவ்லோ வெனினியும் உருவாக்கினார்கள். நடுவில் பிடித்துத் தூக்கிய கைக்குட்டையைக் கவிழ்த்து வைத்தாற்போல் விளிம்பு மடிப்பு மடிப்பாக நிற்கும். வாயை அகல விரித்து, சூடேற்றி, தலைகீழாகத் தொங்கவிட்டால் சுவர் தானே மடிந்து விழும். கைவினைஞர் அதைச் சற்று வழிப்படுத்துகிறார், அவ்வளவுதான். பார்க்க எளிது என்பதால் தீவு முழுவதும் நகலெடுத்தது. பிறகு வேறு நாடுகளும் சேர்ந்துகொண்டன. வெனினியின் பழைய சாடிகளில் அடியில் அமிலத்தால் அரித்த முத்திரை மூன்று வரியில் இருக்கும்: வெனினி, முரானோ, இத்தாலியா. பிற்காலத்தவற்றில் கூர்முனையால் கீறிய எழுத்து வருகிறது. அமில முத்திரை மங்கலானது. விளக்கொளியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பளிச்சென்று தெரிகிற முத்திரையைச் சந்தேகிப்பது நல்லது.

நிறமும் நுட்பமும் பாதி வழிதான் கூட்டிப் போகும். ஒரு நிறக் கண்ணாடியை இன்னொன்றில் முக்கி அடுக்கும் சொம்மெர்சோ முறை, 1950-களில் செகூசோ வெத்ரி தார்தே பட்டறையில் வடிவமைப்பாளர் ஃபிளாவியோ போலியின் கையில் உச்சம் தொட்டது. உள்ளே ஒரு நிறத் துளி, வெளியே தெளிந்த கனமான சுவர். ஆனால் அதைச் செய்யாத பட்டறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செக் நாட்டு க்ரிப்ஸ்கா ஆலைக்காக யோசெஃப் ஹொஸ்பொட்கா வடிவமைத்த வளைந்த கிண்ணங்கள்கூட முரானோ என்றே விற்பனைக்கு வருகின்றன. புறஊதா விளக்கில் யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாய் எரியும், மாங்கனீசு கலந்தது மங்கலாக ஒளிரும். பார்க்கச் சுவையான வேடிக்கை. கலவையைச் சொல்லுமே ஒழிய ஆளைச் சொல்லாது. ஒரு பெயரை விலக்க இந்தச் சோதனைகள் உதவும், நிறுவ உதவுவது அரிது.

நிறுவுவதற்குக் காகிதம் வேண்டும். பட்டறைகளின் வரைபடங்கள், விலைப்பட்டியல்கள், கண்காட்சிப் படங்கள் ஆகியவற்றோடு உயரம், விளிம்பு, அடித் தடிமன் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வெனிசின் சான் ஜோர்ஜோ மாஜோரே தீவில் சீனி அறக்கட்டளையின் கண்ணாடி ஆய்வு மையம் இத்தகைய ஆவணங்களைச் சேர்த்து வருகிறது. முரானோவிலேயே 1861-இல் தொடங்கிய கண்ணாடி அருங்காட்சியகத்தில் உறுதியான மாதிரிகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒத்துப்போகும் காகிதம் இல்லாதபோது நேர்மையான விற்பனையாளர் ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ என்று எழுதுகிறார். விலை இறங்கும் என்று தெரிந்தே எழுதுகிறார்.

வெனெத்தோ மாநில அரசு 1994-இல் ‘வெத்ரோ அர்த்தீஸ்திகோ முரானோ’ என்ற வணிகக் குறியைச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தியது. தீவில் செய்த கண்ணாடிக்கு மட்டுமே அது கிடைக்கும். நான் பார்த்த சாடிகளில் அது சிறு சீட்டாக அடிப்பக்கத்தில், வடுவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.