கண்ணமங்கலத்தில் யாம் கற்ற பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். இலக்கண இலக்கியங்களிலேயே காலங்கழித்து வந்த எமக்கு அப்பழமொழியின் பொருள் சென்ற ஆனித் திங்களிலேதான் செவ்வனே விளங்கிற்று. கல்விக் கொள்கையை ஆராயுங் குழுவொன்றிற் பயிற்சி பெறும் வாய்ப்புக் கிட்டவே, வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையிலுள்ள கண்ணமங்கலத்தை அடைந்தோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள சிறார்க்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியுளதன்றோ? அவ்வயதினர் பள்ளியிற் பயில்கின்றனரா என வீடுதோறும் வினவிக் குறித்தலே எம் பணி.

பட்டு நெசவாளர் ஒருவர் இல்லத்திற் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பெயருக்கு நேரே ‘பயில்கிறாள்’ என எழுதினோம். பள்ளிப் பதிவேடும் அவ்வாறே கூறிற்று. நான்கு நாட் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்கு அவ்வழியே சென்றபோது, அச்சிறுமி இராட்டையருகே அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் நூலை விட்டெழுந்து நின்றாள். அவள் அன்னையார், “ஆவணி முகூர்த்தச் சேலை, தம்பி, இவ்வாரம் முடித்துக் கொடுக்கவேண்டும். இவள் தார் சுற்றாவிட்டால் தறி நின்றுவிடும். இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறேன், எழுதிவிடாதீர்கள்” என்றார்.

அன்றிரவு எமக்கு உறக்கங் கொள்ளவில்லை. உண்மையை மறைப்பதா? அவ்வேழைத் தாயை அதிகாரிகள் முன் நிறுத்துவதா? எம் தமக்கையார் திருமணத்தில் உடுத்ததும் ஆரணிப் பட்டே. அதற்குத் தார் சுற்றிய கை யாருடையதென யாம் ஒருபோதும் எண்ணியதில்லை.

1953-இல் சென்னை மாநிலத்தில், சிற்றூர்ச் சிறார் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலிலும் பயிலுமாறு ஒரு திட்டம் வந்தது. பெரும் எதிர்ப்பெழவே 1954-இற் கைவிடப்பட்டது. 2016-இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், இடரில்லாத குடும்பத் தொழிலிற் சிறார் உதவ இடந்தருகின்றது. ஏட்டில் இவ்வெல்லை தெளிவானதே. தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் உள்ள வீட்டிலோ, பள்ளி மணியினும் முகூர்த்த நாளே உரக்க ஒலிக்கின்றது.

எம் படிவத்தில் ‘பயில்வோர்’, ‘இடைநின்றோர்’ என இரண்டே கட்டங்கள். அச்சிறுமி இரண்டினுள்ளும் அடங்காள். படிவத்தை மாற்ற இயலாதென்றனர் எம் மேலோர். ஆகவே அதன் பின்புறத்தில், பெயரெதுவுங் குறியாது, பதிவேட்டில் இருந்தும் வேலை மிகுந்த நாட்களில் வகுப்பில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி யாம் கண்டவாறே எழுதிக் கொடுத்தோம். அதனைப் படித்தனரோ, அறியோம்.

மூன்றாம் நாட் காலையில் அச்சிறுமி சீருடையணிந்து பள்ளி செல்லக் கண்டு மகிழ்ந்தோம். எனினும் அடுத்த முகூர்த்தம் வருமே என்னும் கவலை எம்மை விட்டகலவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பது மெய்யே. ஆயினும் ஏட்டிற் காணாத பிள்ளைக்கு எவர்தாம் உதவுவர்? கல்விக்கு விதி வகுப்போர் ஒரு முற்பகலேனும் தறியருகே அமர்ந்து பார்த்தபின் ஏட்டினைத் திருத்துவாராக.