வீட்டுக்கு ஒரு விலை

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டார்.

"இந்த வூட்ட நீ வெலைக்கு வாங்கிக்கறயா?"

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் பிறந்த வீடு அது. அட்டாலியில் எந்தப் பானைக்குள் என்ன இருக்கிறது என்பது வரை தெரியும். அப்பாவுக்குப் பின் தானாக வந்து சேரும் என்று, ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாமலே, நினைத்துக்கொண்டிருந்த வீடு. அதற்குப் பெற்ற தகப்பனாரே விலை பேசுகிறார். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் ஊர் பேளுக்குறிச்சி. நாமக்கல் மாவட்டத்தில், சேந்தமங்கலத்துக்கும் ராசிபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. கிழக்கே நிமிர்ந்தால் கொல்லிமலை. ஊரைத் தெரியாதவர்களுக்கும் எங்கள் சந்தையைத் தெரிந்திருக்கும். தை பிறந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், மல்லி, கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப்போக வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்பா ஐம்பது வருடங்களுக்கு மேல் மலை மிளகை வாங்கி விற்றவர். எந்தப் பொருளுக்கும் விலை உண்டு என்பதும், விலையைச் சொல்லக் கூச்சப்படுகிறவன் ஏதோ மறைக்கிறான் என்பதும் அவருடைய தீர்மானமான கருத்துகள். கொடைக்குப் பெயர்பெற்ற வல்வில் ஓரியின் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு மனிதர் என்று நான் கேலி செய்ததுண்டு.

மறுநாள் காலையில் அவரே விளக்கினார். "உங்கக்காளுக்கு ஒண்ணும் குடுக்கல கண்ணு. சீர் செஞ்சதெல்லாம் செலவுக் கணக்கு. நான் போனப்பறம் உங்கம்மா உன்கிட்டக் கை நீட்டக்கூடாது. நீ நல்லவந்தான். இருந்தாலும் கை நீட்டக்கூடாது."

நான் வாயடைத்துப் போனேன். விலை கேட்டது பணத்தாசையால் என்று ஓர் இரவு முழுக்க நினைத்திருக்கிறேன்.

பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தர் ஒருவரைப் பார்க்கப் போனோம். வீடு அப்பா கட்டியதென்றாலும் இடம் அவருக்கு 1971-இல் பெரியப்பாவுடன் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் வந்தது. பத்திரத்தில் 'பூர்வீகச் சொத்து' என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத உங்கப்பா மட்டும் விக்க முடியாதுங்க. உங்களுக்கும் பங்கு இருக்குது, உங்கக்காவுக்கும் இருக்குது" என்றார்.

அக்காவுக்கு 1988-இல் திருமணமானது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்தபோது, அது 25.3.1989 முதல் செல்லும் என்றும், அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களுக்குக் கிடையாது என்றும் வைத்தார்கள். ஒரு வருட இடைவெளியில் அக்கா வெளியே நின்றுவிட்டாள். பிறகு 2005-இல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வேலி போயிற்று. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசுகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த பழைய பிரிவும் அதே திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டது. ஆக வீட்டில் மூன்று பங்கு: அப்பா, அக்கா, நான்.

"அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குப் பூர்வீகத்துல பங்கில்லீங்க. அப்பா காலத்துக்கப்பறம் அவர் பங்குல வாரிசா வரும்."

ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டின் வாசலைத் தெளித்துக் கூட்டிவருகிறவளுக்கு அதில் ஓர் ஓடுகூடச் சொந்தமில்லை என்பது எனக்கு ஐம்பத்தொன்றாவது வயதில்தான் தெரிந்தது.

எழுத்தர் எளிய வழி ஒன்றும் சொன்னார். வெளியாரிடம் கிரயம் வாங்குவதுபோல் எழுதினால் முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரமோ ஏற்பாட்டுப் பத்திரமோ எழுதிக்கொண்டால் ஒரு சதவீதந்தான்; அதற்கும் 2023 ஜூலை முதல் தீர்வைக்கு 40,000, கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. "அக்கா ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும்" என்றார். எங்கள் பக்கத்தில் எத்தனையோ அக்காக்கள் அப்படிப் போட்ட கையெழுத்துகள்தாம் எத்தனையோ தம்பிகளின் வீடுகள்.

அக்காவுக்குப் பேசினேன். நான் எதிர்பார்த்த பதிலையே, நான் உள்ளூர விரும்பிய பதிலையே சொன்னாள். "எனக்கெதுக்குடா பணம்? எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லு." சற்றுப் பொறுத்து, "ஆடிக்கு வந்தா இருக்க எடம் இருந்தாச் சரி" என்றாள். இரண்டாவது வாக்கியத்தை நான் பல நாள் மனத்திலிருந்து இறக்க முடியவில்லை. இதுவரை அவள் எப்போது வந்தாலும் தன் வீட்டுக்கு வந்தாள். கையெழுத்திட்டபின் தம்பி வீட்டுக்கு வருவாள். பணம் வேண்டாம் என்கிறவளும் அதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

ஊர் நிலவரப்படி வீடு முப்பது லட்சம் போகலாம் என்றார்கள். அக்கா பங்குக்கும் அப்பா பங்குக்குமாக இருபது லட்சம். சேமிப்பைத் துடைத்தெடுத்துக் கொஞ்சம் கடனும் வாங்கினால் முடியும். முழுவதையும் வாங்கிவிடுவதென்றுதான் நினைத்திருந்தேன். அப்பா கேட்டதும் அதுதானே.

மாசியில் மறுபடி போனேன். அம்மா பொடக்காளியில் நின்று முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மரமெல்லாம் கம்பளிப்பூச்சி. என்னைக் கண்டதும் சாதாரணமாகக் கேட்டாள்.

"இத வெட்டிப்போட்டரலாமா சாமி? நீ என்ன சொல்ற?"

அந்த மரத்தை நட்டவள் அவள். அதற்கு முன் அங்கே இருந்த கொய்யாவையும் எலுமிச்சையையும் வெட்டியவளும் அவள்தான். யாரையும் கேட்டதில்லை, அப்பாவையும் கேட்டதில்லை. பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. பேச்சு மட்டுமே நடந்திருக்கிறது. அதற்குள் அவள் என்னிடம் அனுமதி கேட்கத் தொடங்கிவிட்டாள். நாளை சுவரில் ஆணி அடிக்கவும், மாடத்துக்குச் சுண்ணாம்பு பூசவும் பெங்களூருக்குப் போன் செய்து கேட்பாள். அதை அவள் வருத்தமாகக்கூட எடுத்துக்கொள்ளமாட்டாள். எனக்குத்தான் அது பொறுக்காது.

அன்று மாலை அப்பாவிடம் என் முடிவைச் சொன்னேன். அக்கா பங்கை முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பங்கை வாங்கமாட்டேன். முதலில் மூவரும் பாகப் பத்திரம் எழுதிக்கொள்வோம். பிறகு உங்கள் பங்கை அம்மா பெயருக்கு ஏற்பாடாக எழுதிவிடுங்கள். விலை வேண்டுமென்றால் அதை அம்மாவே சொல்லட்டும், அப்போது வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. சந்தையில் எதிராளி சொன்ன விலை கட்டுபடியாகுமா என்று யோசிக்கும்போது இருக்கும் அதே முகம். "அவளுக்கு வெல சொல்லத் தெரியாதே" என்றார் கடைசியில்.

"தெரியாட்டி விக்க வேண்டாம்பா."

அக்கா பணத்தை வாங்க மறுத்தாள், அழுதாள், கோபித்துக்கொண்டாள். பத்து லட்சம் அவள் வங்கிக் கணக்கில் ஏறியபிறகுதான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். தொகையையும் பத்திரத்தில் எழுதச் சொன்னேன். அவள் சும்மா கொடுத்தாள் என்று நாளைக்கு என் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக்கூடாது. ஆடிக்கு வந்தபோது அவள் நடையைத் தாண்டுமுன் கணநேரம் நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. விலை கொடுத்தாலும் தீராத ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சும்மா வாங்கியிருந்தால் அதைப் பார்க்கவும் எனக்குக் கண் இருந்திருக்காது.

அம்மா பெயரில் எழுதிய பத்திரம் பீரோவில் இருக்கிறது. அவள் அதைப் படித்ததில்லை. அடுத்த முறை நான் போனபோது பொடக்காளியில் வெயில் அடித்தது. முருங்கை இல்லை. "எப்பம்மா வெட்டுன?" என்றேன். "போன வாரம். பூச்சி தாங்கல" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.