வராத கோளாறை வரவழைப்பவர்கள்

பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையில் எஞ்சின் பிரிப்பவர், டிங்கர், பெயிண்டர் எல்லோருக்கும் தெருவே பட்டறை. வயரிங் பார்ப்பவரின் கடையில்தான் சுத்தியல் சத்தம் கேட்காது. நான் போயிருந்த கடை ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அகலம். சுவரெங்கும் வயர் சுருள்கள். மேசைமேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு. எந்த வண்டியில் எந்த நிற வயர் எங்கே போகிறது என்று பக்கம் பக்கமாகக் கையால் வரைந்துவைத்திருக்கிறார் கடைக்காரர். எல்லோருக்கும் அவர் பாய்.

அன்று நெடும்பயணத்துக்கான ஒரு பெரிய பைக் வந்திருந்தது. இரு பக்கமும் பெட்டி, முன்னால் இரண்டு ஃபாக் லைட். ஏற்காடு ஏறும்போது நின்றுவிட்டதாம். சற்று நேரத்தில் தானே ஸ்டார்ட் ஆனதாம். ஓரிடத்தில் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் சார்ஜிங்கைச் சீராக்கும் ஆர்.ஆர். யூனிட்டை. கோளாறு போகவில்லை.

பாய் ஸ்பேனரைத் தொடவில்லை.

"நின்னப்போ மீட்டர் எரிஞ்சுதா தம்பி?"

"எல்லாமே இருட்டாயிடுச்சு பாய்."

"எங்க நின்னுச்சு?"

"கொண்டை ஊசி வளைவுல. இடது பக்கம் ஒடிச்சேன்."

பாதி வேலை அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிட்டது. பெட்ரோல் வராமலோ, சைடு ஸ்டாண்ட் சுவிட்சாலோ நின்றிருந்தால் மீட்டர் எரிந்துகொண்டிருக்கும். எல்லாமே அணைந்தால் சந்தேகம் மெயின் லைன்மேல். அதுவும் ஹேண்டிலை ஒடிக்கும்போது என்றால், சாவி சுவிட்சுக்குப் போய்வரும் வயர்மேல்.

முதலில் பேட்டரி: 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.1. இரண்டும் சரி. பிறகு சாவி சுவிட்ச் வயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். 'பீப்' சத்தம் விடாமல் வந்தது. வயர் நல்லாத்தானே இருக்கு என்றேன். "ஒத்தை இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் பீப் அடிக்கும் சார். லோடு குடுத்தாதான் வண்டவாளம் தெரியும்" என்றார். மல்டிமீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சொற்பம். வண்டி கேட்பதோ பல ஆம்பியர். அரை ஓம் தடை இருந்தாலே 6 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும்.

பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த வயரில் கோத்துவிட்டு, உதவிக்கு இருந்த பையனிடம் ஹேண்டிலை மெல்லத் திருப்பச் சொன்னார். வலது பக்கம் பல்பு நன்றாக எரிந்தது. இடது பக்கம் முட்டும்போது மங்கி, அணைந்தது. மலையில் ஒளிந்துகொண்ட கோளாறு கடை வாசலில் பிடிபட்டது.

டேப்பைப் பிரித்தார்கள். வயரின் மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் எலும்பில்லாததுபோல் துவண்டது. அறுத்துப் பார்த்தால் செம்பு இழைகள் அறுந்து கறுத்திருந்தன. ஃபாக் லைட் மாட்டியவர் வயர்க்கட்டை ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு முறை ஹேண்டில் திரும்பும்போதும் அதே புள்ளி மடங்கி மடங்கி அறுந்திருக்கிறது. பாய் அதே கனமுள்ள புது வயரைச் சேர்த்தார். ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும் என்பதால் ஒட்டு மடங்கும் இடத்தில் வராமல் தள்ளிப் போட்டார். கட்டைத் தளர்த்தி, ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலேயும் ஃபியூஸும் கொடுத்தார்.

வயருக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. கூலியைச் சொன்னதும் "ஒரு வயருக்கா இவ்வளவு?" என்றார் பைக்குக்காரர். இந்தத் தொழிலின் சிக்கலே இதுதான். மாற்றிய பாகத்துக்குப் பில் உண்டு. தேடிய நேரத்துக்கு இல்லை. அதனால்தான் பலர் தேடாமல் பாகத்தை மாற்றுகிறார்கள்.

வேலையோ கூடிக்கொண்டே போகிறது. 2017 முதல் புது வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. 2019-க்குள் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயமானது. 2020-இல் பிஎஸ்6 வந்தது. எல்லாம் சேர்ந்து கூடுதல் லோடு, கூடுதல் சென்சார், கூடுதல் கப்ளர். ஸ்கேனர் கோளாறின் எண்ணைக் காட்டும். வயர் எங்கே அறுந்தது என்று காட்டாது.

உங்கள் வண்டிக்கும் இப்படி ஒரு கோளாறு வந்தால், எங்கே நின்றது, எவையெல்லாம் அணைந்தன என்று குறித்துக்கொண்டு போங்கள். வண்டி வாங்கிய பிறகு மாட்டிய லைட், சார்ஜர் எதையும் மறைக்காதீர்கள். தேடிக் கண்டுபிடித்தவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தேவையில்லாமல் வாங்கும் ஒரு பேட்டரியைவிட அது குறைவுதான்.